கொடுங்கை இல்லாத கோட்டைகள்

கம்ப்யூட்டரில் வீடு கட்டி விளையாடுபவர்களில் இரண்டு ரகம் உண்டு. நான்கு சுவர், ஒரு கூரை, எதிரி உள்ளே வராவிட்டால் போதும் என்பவர்கள் ஒரு ரகம். சுவர் எழும்பிய பிறகுதான் விளிம்பு, பட்டை, தூண் தலை என்று மணிக்கணக்கில் ஒட்டிக் கொண்டிருப்பவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது. "இதுக்கு பாயிண்ட் உண்டா?" என்று ஆபீஸ் நண்பர் கேட்பார். கிடையாது.

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பகுதியில் எங்கள் பாட்டி வீடு இருந்தது. திண்ணை, நான்கு மரத்தூண்கள், ஒவ்வொன்றின் தலையிலும் போதிகை. இடித்துவிட்டு, வாடகைக்கு விட அறைகள் கட்டினோம். குடும்பமாக எடுத்த முடிவு, நானும் தலையாட்டினேன். பிறகு மனசு கேட்காமல் மைன்கிராஃப்டில் அந்த வீட்டைக் கட்ட உட்கார்ந்தேன்.

சுவரும் கூரையும் பத்து நிமிடம். தூண் தலைக்கு வந்ததும் நின்றுவிட்டேன். கேமில் படி இருக்கிறது, அரை பிளாக் இருக்கிறது, வேலி இருக்கிறது. போதிகை இல்லை. படிகளைத் தலைகீழாக ஒட்டிப் பாட்டியிடம் காட்டினேன். "யார் வீடுப்பா இது?" என்றார்.

பெரிய கோயில் ராஜகோபுரம் 217 அடி, 11 நிலை. ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்றால் சுமார் 66 பிளாக். விளிம்பு வேலைகளை எடுத்துவிட்டுக் கட்டிப் பாருங்கள், மேலே போகப் போகக் குறுகும் பெட்டி அடுக்குதான் மிஞ்சும். எது எந்த ஊர்க் கட்டடம் என்று சொல்வதே இந்தச் சின்னத் துண்டுகள்தான்.

இவற்றை வெறும் அலங்காரம் என்று கேம் கம்பெனிகள் ஒதுக்குவதுதான் என் முக்கியக் குறை. போதிகை உத்திரத்தின் தாங்கலில்லாத நீளத்தைக் குறைக்கிறது. கொடுங்கை மழைநீரைச் சுவரில் வழியவிடாமல் தள்ளி விழ வைக்கிறது. (எஞ்சினியரிங்கில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பது வேறு விஷயம்!) 2021-ல் வந்த வால்ஹெய்ம் ஓரளவு பரவாயில்லை. அதில் மழையில் நனையும் மரம் பாதி பலத்தை இழக்கும்; தாங்கல் இல்லாமல் நீட்டிய கூரை நொறுங்கி விழும். கூரையை வெளியே இழுத்து விடுவதற்கு அங்கே ஒரு காரணம் இருக்கிறது.

நமக்கு வேண்டியதை நாமே செய்துகொள்ளவும் வழி உண்டு. மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்து 2024-ல் லுவான்டி என்று மாறிய ஓப்பன் சோர்ஸ் புரோகிராமை இலவசமாக டவுன்லோட் செய்யலாம். சுமாரான கம்ப்யூட்டரிலும் ஓடும். லுவா மொழியில் 'நோட்பாக்ஸ்' என்ற முறையில் புதிய பிளாக்கின் வடிவத்தை நாமே எழுதலாம். ஒரு பெட்டிக்கு ஆறு எண்கள், பிளாக்கின் எல்லை -0.5 முதல் 0.5 வரை. கீழே குறுகலாக, நடுவே கொஞ்சம் அகலமாக, மேலே முழு அகலமாக மூன்று பெட்டிகளை அடுக்கினேன்; போதிகை தயார். வளைவு வேண்டும் என்றால் பிளெண்டரில் வரைந்து மாடலாகச் சேர்க்கலாம். கொடுங்கைக்கு அதுதான் சரி.

புதிய வீட்டைப் போன வாரம் பாட்டிக்குக் காட்டினேன். மானிட்டருக்கு அருகில் முகத்தைக் கொண்டு போய்ப் பார்த்தார். "தூணெல்லாம் சரி. திண்ணையில தாத்தா தலை வெச்சுப் படுக்கிற திண்டு எங்கடா?" என்றார்.

அதற்கு இன்னும் இரண்டு பெட்டிகள் எழுத வேண்டும்.