கூவினால்தான் விற்குமா?

நாள்தோறும் ரீல்ஸ் வெளியிட்டு, தள்ளுபடி அறிவித்தபடியே இருந்தால்தான் தனித்துத் தொழில் செய்யும் நக ஒப்பனைக் கலைஞர் நிலைக்க முடியும் என்பது பரவலான வாதம்.

முதலாவதாக, இது கணக்கிலேயே பிழைபட்டது: விரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்வதால், புறஊதா விளக்கில் இறுகும் ஜெல் பூச்சுக்குக் கீழே இரண்டு மூன்று வாரங்களில் பூச்சற்ற பிறை தெரியத் தொடங்க, வேலை பிடித்துப்போன வாடிக்கையாளர் தாமாகவே திரும்பி வருகிறார். ஒரு மேசையும் இரண்டு கைகளும் மட்டுமே உள்ளவருக்கு ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள் எதற்கு?

இரண்டாவதாக, வணிக அடையாளம், அதாவது பெயரைக் கேட்டதும் எழும் நம்பிக்கை, கூச்சலால் அமைவதில்லை. ஜெல்லை இறுகச் செய்யும் டிபிஓ என்ற வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடைசெய்தபோது, வாடிக்கையாளருக்குத் தேவைப்பட்டது தள்ளுபடியா, புட்டியைத் திருப்பி உட்பொருள் பட்டியலைக் காட்டக்கூடிய கலைஞரா? அதைக் காட்டுவதற்கு ரீல்ஸ் தேவையில்லை.