அச்சுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

பழனி மலையின் செடிகளை வரைந்தவர்களின் வரிசை நீளமானது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பி. எஃப். ஃபைசன், நீலகிரியிலும் பழனி மலையிலும் 6,500 அடிக்கு மேல் வளரும் தாவரங்களைப் பற்றிய நூலை 1915 முதல் வெளியிட்டார். அதற்கான படங்கள் பலவற்றை அவர் மனைவி டயானா ரூத் ஃபைசனும் போர்ன் சீமாட்டியும் வரைந்தார்கள். செண்பகனூரில் இயேசு சபைத் துறவி லூயி ஆங்லாட், மலைத் தாவரங்களை நீர்வண்ணத்தில் தீட்டி வைத்தார். கே. எம். மேத்யூ அடிகளாரின் உழைப்பில் திருச்சி ராப்பினாட் ஹெர்பேரியம் 1996இல் பழனி மலைத் தாவரங்களுக்கான படத்தொகுதியையும், 1999இல் தாவர நூலையும் கொண்டுவந்தது. இன்றைக்கும் ஒரு சோலைச் செடியில் ஐயம் வந்தால் நாம் முதலில் புரட்டுவது இந்தக் கோட்டோவியங்களைத்தான்.

இப்போது நம் இதழுக்கு வரும் படங்கள் பென் டேப்லெட்டுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. இதை நான் மனமார வரவேற்கிறேன். காட்டுக் காசித்தும்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூக்கள் மிக மென்மையானவை. அழுத்தி உலர்த்தினால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைந்துபோகும். எது எந்த இதழ் என்றே தெரியாது. பூ உயிரோடு இருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் வரைந்தாக வேண்டும். திருத்தவும், பெரிதாக்கிப் பார்க்கவும், உறுப்புகளைத் தனித்தனி லேயர்களில் பிரித்து வைக்கவும் இடம் தரும் கருவி அங்கே பெரிய துணை.

ஆனால் டேப்லெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, டிரைவரை நிறுவி, நேராக வரையத் தொடங்கிவிடுகிறோம். குறை அங்கேதான் பிறக்கிறது. கை தேர்ந்தவர்களின் படங்கள்கூட அதனால் அச்சில் தோற்றுப்போகின்றன.

முதலில் விகிதம். திரையில்லாத சிறிய டேப்லெட் ஒன்றின் வரைபரப்பு 152 மி.மீ. நீளமும் 95 மி.மீ. அகலமும் கொண்டது என்றால், அது 16:10. மடிக்கணினித் திரையோ பெரும்பாலும் 16:9. டிரைவர் இரண்டையும் ஓரத்துக்கு ஓரம் பொருத்திவிடுவதால் கிடைமட்டத்தில் ஏறக்குறைய 11 சதவீதம் இழுபடும். திரையைப் பார்த்தே வரைபவரின் கண் இதை ஈடுகட்டிவிடும். கேமரா லூசிடாவில் எடுத்த பென்சில் படத்தை டேப்லெட்டின் மேல் வைத்து அப்படியே படியெடுப்பவர் தப்ப முடியாது. 9 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ள இலையை நிமிர்த்தி வைத்துப் படியெடுத்தால் அகலம் 3.3 செ.மீ.க்கான விகிதத்தில் வந்து நிற்கும். இலையின் நீள அகல விகிதம் இனத்தைப் பிரிக்கும் பண்புகளில் ஒன்று என்பதை நமக்குள் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. டிரைவர் அமைப்பில் விகிதத்தைப் பூட்டும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, காசு ஒன்றை வைத்துச் சுற்றி வரைந்து, திரையில் வட்டமாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கேன்வாஸ். இதில்தான் நான் பிடிவாதமாக இருக்க விரும்புகிறேன். அச்சில் படம் எத்தனை சென்டிமீட்டர் அகலம் வரப்போகிறது என்று முடிவு செய்யாமல் புதிய கோப்பைத் திறக்கவே கூடாது. திரையின் அளவுக்கு 1,080 பிக்சல் அகலத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து வரைகிறீர்கள். அது 12 செ.மீ. அகலத்தில் அச்சாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சல் 0.11 மி.மீ. ஆகிவிடும். ஆக, நீங்கள் போடக்கூடிய மிக மெல்லிய கோடு 0.11, அதற்கு அடுத்தது நேராக 0.22. தண்டின் வெளிக்கோட்டுக்கும் அதன்மேல் உள்ள மயிர்களுக்கும் நடுவே வேறு எந்தத் தடிமனும் கிடையாது. அதே 12 செ.மீ. படத்தை அங்குலத்துக்கு 1,200 புள்ளிகள் என்று திறந்தால் அகலம் ஏறக்குறைய 5,670 பிக்சல். 0.1 மி.மீ. கோட்டுக்கு 5 பிக்சல் கிடைக்கும். மயிருக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று, வெளிக்கோட்டுக்கு ஒன்று என்று தடிமன்களைப் பகுத்துக்கொள்ள அப்போதுதான் இடம் இருக்கும். பழைய கோட்டோவியர்கள் அச்சளவைவிடப் பெரிதாக வரைந்து பிறகு சுருக்கினார்களே, அந்தக் கணக்கும் இதுதான். சுருங்கிய பிறகு எந்தக் கோடு நிற்கும், எது மறையும் என்பதை மை தொடும் முன்பே அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

இன்னொன்று. ஓரத்தை மென்மையாக்கும் தூரிகைகள் கோட்டின் விளிம்பில் சாம்பல் நிறம் சேர்க்கும். திரையில் அழகாக இருக்கும். அச்சில் அந்தச் சாம்பல் சிறு புள்ளிகளாகச் சிதறிக் கோடு மங்கிவிடும். மைக்கோட்டுப் படத்துக்குக் கறுப்பு, வெள்ளை இரண்டு மட்டும் போதும்.

பெட்டியின் மேல் 8,192 அழுத்த நிலைகள் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். சித்திரக்கதை வரைபவருக்கு அது வரம். நமக்கு வெளிக்கோட்டின் தடிமன் கை அழுத்தத்தால் மாறினால், அந்த மாற்றத்தைப் படிப்பவர் செடியின் பண்பாக எடுத்துக்கொள்ள நேரிடும். ரோட்ரிங் பேனாவின் நிலையான முனைகளை மனத்தில் வைத்து, நிலைத்த தடிமனில் மூன்று தூரிகைகளை அமைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தை மயிர்களின் நுனி மெலிவதற்கும் நரம்புகளின் முடிவுக்கும் மட்டும் திறந்துவிடுங்கள்.

கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அது நடுக்கத்தையும் இலை விளிம்பின் பற்களையும் வேறுபடுத்தி அறியாது. கூராக நிமிர்ந்த பற்களை வட்டமாக மழித்துவிடும். ஓர் இனத்தின் இலை இன்னொன்றின் இலையாகிப் போவதற்கு அது போதும். நீண்ட தண்டுகளுக்கு மட்டும் அதைப் போட்டுக்கொண்டு, விளிம்புக்கு வரும்போது அணைத்துவிடுவதே என் பரிந்துரை.

மலையில் வேலை செய்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மூடுபனியில் டேப்லெட்டின் மேல் ஈரம் படியும்; விரல் தொடுகையை உணரும் வசதி உள்ள கருவிகள் நீர்த்துளியையும் விரலாக எடுத்துக்கொள்ளும். தொடுகையை அணைத்து வையுங்கள். மின்காந்த முறையில் இயங்கும் பேனாவை ஈரம் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. மடிக்கணினி சார்ஜரில் இருக்கும்போது கோடு நடுங்கினால் கையைக் குறை சொல்லாமல் முதலில் நில இணைப்பைச் சோதியுங்கள். கொடைக்கானலின் காலைக் குளிரில் விரல்கள் விறைத்துப்போவதால், சமவெளியில் அமைத்த அழுத்த வளைவு அங்கே பொருந்தாது. அந்த இடத்துக்கென்று இன்னொன்றைச் சேமித்துக்கொள்ளலாம்.

வண்ணப் படங்களில் நீல ஊதாப் பூக்கள் திரையில் ஒளிர்வது போல நான்கு மை அச்சில் ஒளிர்வதில்லை. பூவின் அருகில் வைத்து ஒப்பிட்ட வண்ணப் பட்டை ஒன்றைப் படத்தோடு அனுப்பினால் அச்சகத்தில் வாதாட எங்களுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.

இனி வரும் இதழ்களுக்குப் படம் அனுப்புபவர்களிடம் நாங்கள் கேட்கப்போவது இவை: படத்துக்குள்ளேயே வரையப்பட்ட அளவுகோல், எந்த உலர்தாவரத் தாளைச் சார்ந்து வரையப்பட்டது என்ற எண், சுருக்காத மூலக் கோப்பு. ஒரு மென்பொருளுக்கு மட்டுமே உரிய வடிவத்தோடு டிஃப் பிரதி ஒன்றும் வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கைக்குக் குறிஞ்சியே காரணம். 2006இலும் 2018இலும் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்க வேண்டும். பூத்துக் காய்த்த பின் செடி மடிந்துவிடும். 2018இன் விதைகளிலிருந்து முளைத்த செடிகள் இன்று இலையும் தண்டுமாக மலைச்சரிவுகளில் நிற்கின்றன. ஒரு செடியைத் தேர்ந்து, அச்சளவை உறுதி செய்து, அதன் இலையடுக்கையும் கணுக்களையும் மயிர்களையும் இப்போதே வரைந்து வைத்தால், மொட்டும் பூவும் பிளந்த சூலகமும் விதையும் அதே கோப்பில், அதே அளவில், புதிய லேயர்களாக வந்து சேரலாம். அதுவரை கோப்பு திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த வேலையை ஏற்க முன்வருபவர்கள் எந்தச் சரிவில், எந்தச் செடியை வரையப்போகிறீர்கள் என்று ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்கள். ஒரே இடத்தில் இருவர் உழைப்பது தவிரும், விடுபட்ட சரிவுகளுக்கு ஆள் தேடவும் முடியும்.