தராசு நின்றுவிட்டால் சோற்றைக் குறைக்கலாமா?

உடல் நிறையைக் குறைக்க முயல்பவர்கள் எமது வீடுகளிலும் வகுப்பறைகளிலும் இன்று அதிகரித்து வருகின்றனர். காலையில் நடக்கிறார்கள். உண்பதையெல்லாம் கையடக்கத் தொலைபேசியில் கலோரியாகக் கணக்கிடுகிறார்கள். முதல் இரண்டு மாதங்களில் நாலைந்து கிலோ இறங்குகிறது. அதன்பின் அதே உணவு, அதே நடை இருந்தும் தராசின் முள் அசைவதில்லை. உடனே எடுக்கப்படும் முடிவு இராச் சாப்பாட்டையும் நிறுத்துவதுதான். இம்முடிவு தவறானது என்பதே என் கருத்து. நிறை நிற்கும்போது உடல் தன் கணக்கை மாற்றிக்கொண்டுள்ளது. நாமும் எமது கணக்கைத் திருத்த வேண்டுமேயன்றி உடலைப் பட்டினி போடக் கூடாது.

இதற்கான விளக்கம் எமது விஞ்ஞானப் பாடத்திலேயே உள்ளது. பெரகல சந்தியில் கொழும்பு வீதியை விட்டுப் பிரிந்து ஹப்புத்தளைக்கு ஏறும் பாதையை எடுத்துக்கொள்வோம். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் அதில் 100 மீற்றர் உயரம் ஏறினால், புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்யும் வேலை ஏறத்தாழ 59,000 யூல். தசைகள் செலவிடும் சக்தியில் சுமார் நான்கில் ஒரு பங்கே இவ்வாறு வேலையாக மாறுகிறது. ஆகவே அந்த ஏற்றத்துக்கு ஏறத்தாழ 56 கலோரி செலவாகும். அவரே 54 கிலோவுக்கு இறங்கியபின் அதே ஏற்றத்துக்கு 51 கலோரி அளவே போதும். நடையில் மட்டுமன்றி, ஓய்வாக இருக்கும்போதும் சிறிய உடலுக்குச் செலவு குறைவு. ஆரம்பத்தில் நிறையைக் குறைத்த அதே உணவு, சில மாதங்களின் பின் நிறையை அப்படியே வைத்திருக்கப் போதுமானதாகிவிடுகிறது.

7,700 கலோரியைக் குறைத்தால் ஒரு கிலோ குறையும் என்பது பலரும் நம்பும் கணக்கு. நாளொன்றுக்கு 240 கலோரி குறைத்தால், இக்கணக்கின்படி ஒரு வருடத்தில் 11 கிலோ குறைய வேண்டும். அடுத்த வருடம் இன்னும் 11 கிலோ குறைய வேண்டும். அப்படியே போனால் ஆளே மிஞ்சமாட்டார்! அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹோலும் அவரது குழுவினரும் 2011இல் ‘லான்செட்’ மருத்துவச் சஞ்சிகையில் இதைத் திருத்தினர். அவர்களது கணக்கின்படி அந்த 240 கலோரிக் குறைப்பினால் மொத்தமாகக் குறைவது ஏறத்தாழ 10 கிலோ. அதில் பாதி குறைய ஒரு வருடமும், பெரும்பகுதி குறைய மூன்று வருடங்களும் செல்லும். நாமோ மூன்று வாரத்தில் பொறுமை இழக்கிறோம்.

இன்னும் உணவைக் குறைத்தால் என்ன நடக்கும்? 1944, 1945ஆம் ஆண்டுகளில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரங்கள் அரைப்பட்டினி உணவு கொடுத்து ஆராய்ந்தார். அவர்களது நிறை நான்கில் ஒரு பங்கு குறைந்தது. கூடவே அனுசேப வீதமும் பெரிதும் வீழ்ந்தது. எப்போதும் குளிர், சோர்வு, எரிச்சல், நாள் முழுவதும் உணவைப் பற்றிய சிந்தனை. அவர்கள் வளர்ந்து முடிந்த ஆண்கள். வளரும் வயதிலுள்ள, மாதந்தோறும் இரத்தமிழக்கும் பெண் பிள்ளைகள் தம்மை அப்படி வருத்தினால், இரத்தச்சோகை, மாதவிடாய் தவறுதல், முடி உதிர்தல், பாடத்தில் கவனமின்மை என்று விலை கொடுக்க நேரிடும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில் அளவைச் சரிபார்க்க வேண்டும். 1992இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், உணவைக் குறைத்தும் நிறை குறையவில்லை என்றவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தனர். அவர்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல, கண்ணளவு ஏமாற்றும். எமது சமையலில் அது மறையும் இடங்கள் தெரிந்தவையே. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 120 கலோரி அளவு உண்டு. நாளுக்கு ஐந்து பிளேன்டீ குடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் 160 கலோரி. சம்பலில் தேங்காய்ப்பூ, கறியில் தேங்காய்ப்பால், ரொட்டியில் மீண்டும் தேங்காய். ஒரு வாரம் கரண்டியால் அளந்து எழுதினால் பல வேளை விடை அங்கேயே கிடைக்கும். சோற்றைக் கைவிடுமுன் சீனியைக் கைவிடலாமே!

இரண்டாவது, தராசை மட்டும் நம்பக் கூடாது. உப்பும் மாதவிடாய்க்கு முந்திய நாட்களும் உடலில் நீரைத் தேக்கி, குறைந்த கொழுப்பை மறைத்துவிடும். நான்கு வாரங்களை ஒப்பிட்டு, இடுப்பளவையும் நாடாவால் அளக்க வேண்டும். மூன்றாவது, பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி போன்ற புரத உணவுகளை ஒவ்வொரு வேளையும் சேர்த்து, நடையோடு தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும். தசை தேயாமல் இருந்தால் அனுசேபமும் அதிகம் தாழாது. இவற்றின் பின்னும் நிறை நின்றால், சில வாரங்கள் அந்த நிறையைக் காப்பதையே இலக்காக்கலாம். குறைத்ததை மீண்டும் ஏறவிடாமல் வைத்திருப்பதும் வெற்றியே.

எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்றுண்டு: குறைக்க வேண்டிய தேவை உண்மையில் இருக்கிறதா? ஆசிய நாட்டு வளர்ந்தோருக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே அவதானம் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் 2004இல் கூறினர். 19 வயதுக்குட்பட்டோருக்கு அந்த எண் பொருந்தாது. அவர்களுக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணையே அளவுகோல். ஊவாவின் தோட்டங்களில் கொழுந்துக் கூடையுடன் மலையேறும் தாய்மாரில், நிறை போதாதவர்களும் இரத்தச்சோகை உள்ளவர்களும் இன்னும் இருக்கின்றனர். அந்த வீட்டுப் பிள்ளை, கல்யாண வீட்டில் யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காகக் காலை உணவை விடுவது எவ்வளவு அநியாயம்!

எனவே, கலோரி எண்ணும் தோழி ஒருத்தி “நிறை இறங்கவில்லை” என்று கவலைப்பட்டால், “இன்னும் குறை” என்று சொல்லாதீர்கள். என்ன சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாளா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். தலைசுற்றலோ சோர்வோ இருந்தால் தாயிடம் சொல்லி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தராசு இன்னும் ஒரு மாதம் காத்திருக்கலாம். அவளது உடல்நலம் காத்திருக்காது.