புதுச் சேணம் பழகும் வரை

புதுச் சப்பாத்துக் காலைக் கடிக்கும் என்பதை அறியாத மாணவர் இலர். நாம் மாணவராயிருந்த காலத்தில், அவ்வாறு கடித்த சப்பாத்தொன்றை நீரில் நனைத்து, அடுப்பங்கரையில் உலர வைத்தோம். மறுநாட் காலையில் அது முன்னையிலும் விறைத்து, மடிப்பிலே வெடித்துங் கிடந்தது. நாம் செய்த பிழை யாதென்பது, பல ஆண்டுகளின் பின் குதிரைச் சேணங்களைப் பற்றிப் படித்தபோதுதான் விளங்கிற்று.

இங்கிலாந்திலுள்ள வால்சால் என்னும் நகரம் சேணத் தொழிலுக்குப் பேர்போனது. அவ்வூர் உதைபந்தாட்டக் கழகத்துக்கே 'சேணக்காரர்' என்பது பட்டப்பெயர். அத்தகைய கைதேர்ந்தோர் தைத்த கடிவாள வாரும் புதிதில் விறைப்பாகவே இருக்கும். காரணம் யாது? தோல் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டபின், அந்நார்களிடையே கொழுப்பும் மெழுகும் ஊட்டுவர். கொழுப்பிருந்தால் நார்கள் ஒன்றன்மேலொன்று வழுக்கி அசையும். அஃதின்றி உலர்ந்தால் ஒட்டிக்கொண்டு விறைக்கும். புதுத் தோலின் நார்களோ நெருங்கி இறுகியவை; இன்னும் அசைந்து பழகாதவை. ஈரத்தோலில் நெருப்பின் வெம்மை பட்டாலோ நார்கள் சுருங்கிவிடும். அதை எந்த எண்ணெயும் மீட்காது. எமது சப்பாத்தின் கதியும் அதுவே.

ஆகவே, குதிரை வளர்ப்போர் அவசரப்படுவதில்லை. முதலில் சேணச் சவர்க்காரம் தொட்ட ஈரக் கடற்பஞ்சினால் வாரைத் துடைப்பர். பின்னர், மாட்டின் கால் எலும்புகளைக் காய்ச்சி எடுத்த எண்ணெயை மெல்லியதாகப் பூசுவர். வழுவழுப்பான மேற்புறத்தினும் சொரசொரப்பான உட்புறமே எண்ணெயை நன்கு உறிஞ்சும். ஒருநாள் நிழலில் வைத்து, பிறகு வாரைக் கையால் இப்புறமும் அப்புறமும் மெல்ல வளைத்துக் கொடுப்பர். வேண்டுமாயின் மீண்டும் சிறிது பூசுவர்.

எண்ணெய் மிகுந்தால் என்ன கேடு என்று சிலர் வினவலாம். நார்கள் தளர்ந்து வார் நீளும்; வலுக் குறையும். பாய்ந்தோடும் குதிரைமீது இருப்பவனின் உயிர் அவ்வாரையே நம்பியிருக்கின்றது. இளகவும் வேண்டும், உறுதி குலையாதிருக்கவும் வேண்டும். இந்த அளவறிதலே தொழிலின் நுட்பம்.

பழக்கத்தால் தோல் எவ்வாறு மாறுகின்றது என்பதற்கு அங்கவடி வார்கள் நல்ல சான்று. குதிரையில் ஏறுவோர் பெரும்பாலும் இடப்புறத்தால் ஏறுவர். உடலின் பாரம் முழுவதும் இடப்புற வாரில் விழுவதால் அது மற்றதினும் நீண்டுவிடும். அதனால் அவ்விரண்டையும் இடையிடையே இடம் மாற்றிப் பூட்டுவர். முழங்கால்வரை உயர்ந்த சவாரிச் சப்பாத்தையும் சற்று உயரமாகவே வாங்குவர். கணுக்காலில் மடிப்பு விழுந்தபின் அது தாழ்ந்து அளவாக நிற்கும். அதுவரை நாளுக்குச் சிறிது நேரமே அணிந்து பழகுவர்.

சப்பாத்துக் கடித்தால் நாம் முறையிடுவோம். குதிரைக்கோ வாயில்லை. முன்னங்கால்களின் பின்னே இறுக்கிய வயிற்றுவாரின் விளிம்பு விறைத்திருந்தால், தோல் உராய்ந்து புண்ணாகும். நோவு தாளாமல் அது துள்ளும், கடிக்கவும் வரும். அடங்காக் குதிரையென்று சாட்டையை எடுப்பதன்முன், அவ்விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பவனே நல்ல சவாரிக்காரன்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாமும் வகுப்பறையில் பலமுறை கேட்டிருக்கின்றோம். விறைத்த தோல் வளைகின்றது. ஆனால் அடுப்பங்கரையில் அன்று. துள்ளுகின்ற பிள்ளையைக் கண்டு பிரம்பை நினைக்கும்போதெல்லாம், எங்கே உராய்கின்றதென்று முதலில் தடவிப் பார்க்க வேண்டுமென இப்போது எமக்குத் தோன்றுகின்றது.