நட்சத்திரம் படிக்க எவ்வளவு ஆகும்? - காலனியிலிருந்து ஒரு கணக்கு

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் தெரு அக்கா ஒருவர் தன் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆம்பூரில் என் அம்மா வேலை பார்க்கும் அதே ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர். மகள் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

"இன்னாமா, இவளும் உன்ன மாதிரியே நட்சத்திரம் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. எவ்ளோ செலவாகும்? முடிச்சா வேலை கெடைக்குமா?" என்று கேட்டார்.

இரண்டே கேள்விகள்தான். பன்னிரண்டு வருடமாக இயற்பியலோடு கிடக்கும் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "படி, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றால் அது பொய். "வேண்டாம், பி.எட். முடிச்சிட்டு டீச்சர் வேலைக்குப் போகட்டும்" என்றால், என்னிடம் அதையே சொன்ன ஆசிரியருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? இரண்டு நாள் டைம் கேட்டேன். ஒரு நோட்டில் கணக்குப் போட்டேன். இந்தக் கட்டுரை அந்தக் கணக்குதான்.

கட்டணம் சிறிது, செலவு பெரிது

எனக்கு வானியற்பியல் ஆசை வந்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவில். எங்கள் பக்கத்து ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே உண்டு. அது எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம். அந்தத் தொலைநோக்கியின் தரவைக் கையாளும் இடத்துக்கு வந்துசேர எனக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

கல்லூரிக் கட்டணம் என்னை அதிகம் வாட்டவில்லை. பி.எஸ்சி. அரசுக் கல்லூரியில், தங்கியது ஆதிதிராவிடர் நல விடுதியில். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் தாமதமாகவேனும் வந்தது. இதெல்லாம் யாரும் போட்ட பிச்சை அல்ல. நம் முன்னோர் போராடிப் பெற்றவை. இவை இல்லையென்றால் நானும் அம்மாவோடு ஷூவுக்குப் பசை தடவிக்கொண்டிருப்பேன்.

உண்மையான செலவு காலம். பி.எஸ்சி. மூன்று ஆண்டு, எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு. 2015இல் எம்.எஸ்சி. முடித்ததும் வீட்டுக் கடனுக்காகத் தனியார் பள்ளியில் 9,000 ரூபாய்ச் சம்பளத்துக்குப் போனேன். இரவில் நெட் தேர்வுக்குப் படித்து, இரண்டாவது முயற்சியில் ஜே.ஆர்.எஃப். கிடைத்து, 2019இல்தான் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தேன். இப்போது 32 வயது. ஆய்வேடு இன்னும் கைக்கு வரவில்லை. அது முடிந்த பிறகும் பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று இடங்களில் முதுமுனைவர் ஆய்வு செய்த பிறகே நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கும் தகுதியைப் பெறுகிறார்கள். என்னோடு பன்னிரண்டாம் வகுப்பு படித்து டிப்ளமோ முடித்தவன் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சம்பளம் வாங்குகிறான். நான் இழந்த அந்தச் சம்பளம் எந்தப் பல்கலைக்கழகக் கட்டணப் பட்டியலிலும் இல்லை. சொத்துள்ள குடும்பம் இந்த இழப்பை உணரவே உணராது. எங்கள் வீட்டில் அம்மா ஓவர்டைம் பார்த்து அதை ஈடுகட்டினார்.

உதவித்தொகை யாருக்குப் பாக்கெட் மணி?

நான் சேர்ந்தபோது ஜே.ஆர்.எஃப். மாதம் 31,000 ரூபாய். 2023இல் அது 37,000 ஆனது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வரும் எஸ்.ஆர்.எஃப். 42,000 ஆனது. கேட்க நல்ல தொகைதான். ஆனால் முதல் தவணை என் கைக்கு வந்தது ஒன்பதாவது மாதத்தில். அதுவரை அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடனில் சாப்பிட்டேன். உடன் சேர்ந்த தோழி ஒருத்தி, "லேட்டாத்தான் வரும், அதுவரைக்கும் அப்பா குடுப்பாரு" என்று சாதாரணமாகச் சொன்னாள். அவள் கெட்டவள் அல்ல. மாதச் சம்பளம் வராத வீடு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

கருத்தரங்குக்குப் போவதும் அப்படித்தான். பயணச் செலவை முதலில் நாம் போட வேண்டும், பிறகு ரசீது கொடுத்தால் திருப்பித் தருவார்கள். திருப்பித் தர மூன்று மாதமாகும், சில நேரம் ஆறு மாதமாகும். கையில் முப்பதாயிரம் ரூபாய் சும்மா கிடப்பவர்களுக்காக எழுதப்பட்ட விதி இது. கையில் காசில்லாமல் நான் போகாமல் விட்ட கருத்தரங்குகள் இரண்டு. என் துறையில் அடுத்த வேலை எங்கே காலி என்பது அந்தக் கருத்தரங்குகளின் தேநீர் இடைவேளையில்தான் தெரிய வரும்.

ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப். இரண்டும் சேர்ந்து ஐந்து ஆண்டுகள். கொரோனா ஊரடங்கில் வீட்டுக்கு வந்து, செல்போன் டேட்டாவில் தொலைநோக்கித் தரவை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஓர் ஆண்டு அதிலேயே போனது. இப்போது ஆறாம் ஆண்டு. உதவித்தொகை நின்றுவிட்டது, ஆய்வு நிற்கவில்லை. காலையில் ஆய்வகம், மாலையில் நீட் மாணவர்களுக்கு ஆன்லைன் டியூஷன் என்று ஓடுகிறது. நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்பவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குப் பல ஆண்டுகளாக அதே 8,000 ரூபாய்தான்.

தாமதமாகும் உதவித்தொகை என்றாலே ரோகித் வெமுலா நினைவுக்கு வருகிறார். 2016 ஜனவரி 17 அன்று நம்மை விட்டுப் போன அந்தத் தோழருக்கு ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், பாக்கி இருந்தது. கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். நட்சத்திரங்களை நேசித்தவர்களில் அவரும் ஒருவர் என்பதை என் துறையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

முடித்தால் வேலை?

தமிழ்நாட்டில் முனைவர் பட்டம் முடித்த பலருக்கும் கிடைக்கும் முதல் வேலை அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டு முழுக்க இல்லை. ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019இலேயே சொல்லிவிட்டது. ஜே.ஆர்.எஃப். வாங்கியவர் பட்டம் முடித்த பிறகு அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் போகிறார். பெயரில் மட்டும் கௌரவம். 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டது. குறித்த நாளில் தேர்வு நடக்கவில்லை. நிரந்தரப் பணியிடம் நிரப்பப்படாத ஒவ்வோர் ஆண்டும் இடஒதுக்கீடு அமலாகாத ஆண்டுதான். கௌரவ விரிவுரையாளரை வைத்தே கல்லூரி ஓடுமென்றால் ரோஸ்டர் எதற்கு?

சிறப்புப் பட்டத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. எம்.எஸ்சி. வானியற்பியல் என்று பட்டத்தில் பெயர் இருந்தால், அது எம்.எஸ்சி. இயற்பியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பள்ளி, கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது சிக்கல் வரும். வேறு வழிகள் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம். நமக்குக் கடைசி வாசலும் அடைபடும்.

சாகாவின் பெயரும் சாகாவின் பிள்ளைகளும்

இனி யாரும் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். இது என் சொந்தக் கஷ்டம் அல்ல, சட்டம்.

மத்தியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2006ஆம் ஆண்டுச் சட்டம். பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27. அதன் நான்காம் பிரிவு சில நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. "சிறப்புமிக்க நிறுவனங்கள்", "ஆராய்ச்சி நிறுவனங்கள்", "தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை" என்று காரணம் சொல்கிறது. அட்டவணையில் யார் யார் என்று பாருங்கள்: பாபா அணு ஆராய்ச்சி மையம், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை கணித அறிவியல் நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடம், புவனேஸ்வர் இயற்பியல் நிறுவனம், காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகம். அட்டவணையின் பெரும்பகுதி இயற்பியல். ஆசிரியர் பணியிடங்களுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே போன்ற விலக்கு இருக்கிறது. இயற்பியல் ஆய்வின் உச்சியிலுள்ள நிறுவனங்களின் வாசலில் சமூகநீதிச் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்கிறது.

அந்த அட்டவணையில் இன்னொரு பெயரும் உண்டு: கொல்கத்தா சாகா அணு இயற்பியல் நிறுவனம்.

மேக்நாத் சாகா 1893இல் டாக்கா அருகே ஒரு கிராமத்தில் ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா சிறிய கடை வைத்திருந்தார். மேலே படிக்க ஊரில் பள்ளி இல்லாததால் வேறு ஊரில் ஒரு மருத்துவர் வீட்டில் தங்கி, மாடு பார்த்துக்கொண்டு, தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைத்துப் படித்தார். 1905இல் ஆங்கிலேய ஆளுநருக்கு எதிரான போராட்டத்தில் பங்கேற்றதற்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டு உதவித்தொகையையும் இழந்தார். கொல்கத்தாவில் ஈடன் இந்து விடுதியில் சாதி மாணவர்கள் அவரோடு பந்தியில் உட்கார மறுத்தார்கள். அவர்தான் 1920இல் அயனியாக்கச் சமன்பாட்டை எழுதினார். ஒரு நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அதன் வெப்பநிலையைச் சொல்ல முடிவது அதனால்தான். நான் தினமும் கணினியில் ஓட்டும் நிரலின் அடியில் அந்தச் சமன்பாடு இருக்கிறது. நோபல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டார், கிடைக்கவில்லை.

அவர் உருவாக்கிய நிறுவனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பின்னர் அந்த நிறுவனத்தையே இடஒதுக்கீட்டுக்கு விலக்கு பெற்ற பட்டியலில் சேர்த்தார்கள். சாகாவின் படம் சுவரில் இருக்கலாம். சாகாவைப் போன்ற பிள்ளைக்கு இடம் தரும்படி சட்டம் கட்டாயப்படுத்தாது.

"ஆராய்ச்சிக்குத் தகுதிதானே முக்கியம்" என்பார்கள். தகுதியை எப்படி அளக்கிறார்கள் என்பதை ஆறு ஆண்டுகள் உள்ளேயிருந்து பார்த்தவள் நான். நெட் வரைக்கும் எழுத்துத் தேர்வு, விடைத்தாளுக்குச் சாதி தெரியாது. அதன் பிறகு எழுத்துத் தேர்வே கிடையாது. முதுமுனைவர் ஆய்வுக்கு மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடிதம் எழுதுபவர் யாரைத் தெரிந்தவர், யாரோடு படித்தவர் என்பதே எடை. ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் என் ஆய்வைப் பற்றிக் கேட்பதற்கு முன், "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டார்கள். தோல் ஷாப்பில் வேலை செய்தார், இறந்துவிட்டார் என்றேன். அறையில் ஒரு சின்ன அமைதி. அந்த அமைதிக்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் இல்லை. ஆனால் அது கழிக்கப்படும்.

என்ன சொன்னேன்

மூன்றாம் நாள் அந்த அக்கா வீட்டுக்குப் போய் நோட்டைக் காட்டினேன். அந்தப் பெண்ணிடம் சொன்னது இதுதான்:

"எம்.எஸ்சி. இயற்பியல் என்றே பெயர் இருக்கும் பட்டத்தில் சேரு. வானியற்பியலை ப்ராஜெக்டில் செய். ஜாம் தேர்வு எழுது. ஐ.ஐ.டி.களில் நமக்கு இடஒதுக்கீடும் கல்விக் கட்டண விலக்கும் இருக்கிறது. நிரல் எழுத நன்றாகக் கற்றுக்கொள். ஆய்வு கைவிட்டாலும் அது சோறு போடும். வீட்டு நிலைமைக்குச் சீக்கிரம் வேலை வேண்டுமென்றால் மருத்துவ இயற்பியலையும் பார். புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு மருத்துவ இயற்பியலாளர் இல்லாமல் முடியாது. படிப்புக்குப் பின் ஓர் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி இருக்கிறது. அதில் உதவித்தொகை உண்டா என்று கேட்டுவிட்டுச் சேரு. ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் ஆண்டுக்குக் கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள். தனியாக இருக்காதே, போகும் இடத்தில் அம்பேத்கர் வாசகர் வட்டம் இருந்தால் முதல் வாரமே போய்ச் சேரு."

இது அவளுக்கு. நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டியவை வேறு. விலக்கு அட்டவணையை நீக்க வேண்டும். உதவித்தொகை மாதா மாதம் வர வேண்டும், ஆய்வேடு சமர்ப்பிக்கும் வரை வர வேண்டும். கருத்தரங்குச் செலவை முன்பணமாகத் தர வேண்டும். ஒவ்வொரு ஆராய்ச்சி நிறுவனமும் எத்தனை மாணவர், எத்தனை பேராசிரியர் எந்தப் பிரிவினர் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தமிழ்நாடு அரசு கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் நடக்கும் சுரண்டலை நிறுத்தி நிரந்தரப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். நீட் எதிர்ப்பில் நாம் காட்டும் வேகத்தில் பாதியையாவது ஆராய்ச்சிக் கல்வியின் இடஒதுக்கீட்டுக்குக் காட்டியிருந்தால் இந்த அட்டவணை இத்தனை ஆண்டு தாக்குப் பிடித்திருக்காது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அக்கா, "இம்மா கஷ்டம்னு தெரிஞ்சே நீ ஏம்மா விடாம படிக்கிற?" என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "அக்கா விட்டுட்டா, அப்பறம் நாங்க யாருகிட்ட வந்து கேக்கறது?"

அன்று இரவே என் லேப்டாப்பில் உட்கார்ந்து ஜாம் பாடத்திட்டத்தை இறக்கிக்கொண்டாள். செலவு எவ்வளவு என்ற கேள்விக்கு நோட்டில் விடை எழுதிவிட்டேன். வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேரே இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதை நான் ஒருத்தி எழுதி நிரப்ப முடியாது.