கற்ற கல்வியும் காணாமற்போன கடதாசிகளும்

ஐரோப்பாவிற் கோடைகாலம் பல்கலைக்கழக விண்ணப்பங்களின் காலமுமாகும். யேர்மனியில் குளிர்காலக் கல்விப் பருவத்துக்கான விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் யூலை 15ஆம் நாளே இறுதி நாள். அந்நாள் நெருங்க நெருங்க எமது அலுவலகத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புக்களின் தன்மை மாறிவிடுகின்றது. மரண அறிவித்தலுக்கும் திருமண வாழ்த்துக்கும் அழைப்பவர்களோடு, "உயர்தரப் பெறுபேற்றை எங்கே கொண்டுபோய் உறுதிப்படுத்துவது?" என்று கேட்போரும் சேர்ந்துகொள்கின்றனர். கேட்பவர்களின் குரலிலே ஒரு கூச்சம் இருக்கிறது. படித்ததை நிரூபிக்க முடியாமல் நிற்பது ஏதோ தமது குற்றம் என்பதுபோல அவர்கள் பேசுகின்றனர். அது அவர்களது குற்றமன்று என்பதைச் சொல்வதற்காகவே இத்தலையங்கத்தை எழுதுகின்றோம்.

அண்மையில் எம்மை நாடி வந்த ஒரு சகோதரியின் நிலையை எடுத்துக்கொள்வோம். வன்னியிலே படித்து, 2007ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியடைந்தவர். 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரைவரை சென்றபோது, சான்றிதழ்கள் இருந்த பை பதுங்குகுழியோடு மண்ணுக்குள்ளே போய்விட்டது. இன்று அவர் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்துகொண்டே இந்நாட்டு மொழியைப் படித்துத் தேறியிருக்கிறார். சமூகப்பணித் துறையிற் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்பினார். பல்கலைக்கழக அலுவலகமோ, மூலச் சான்றிதழை அவரது நாட்டுத் தூதரகத்தின் உறுதிப்படுத்தலோடு கொண்டுவரும்படி கூறிவிட்டது. அவர் தூதரகத்தின் எதிர்ப்புற நடைபாதையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு, உள்ளே செல்லாமலே திரும்பி வந்தார். எந்த அரசிடமிருந்து தப்பி வந்தேன் என்று அகதி விசாரணையில் வாக்குமூலம் கொடுத்தாரோ, அதே அரசின் கருமபீடத்தில் தமது பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை.

இந்தத் தயக்கத்தை மிகையான அச்சம் என்று எவரும் தள்ளிவிடலாகாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, தனது முதலாம் உறுப்புரையிலேயே, ஒருவர் தமது நாட்டின் பாதுகாப்பைத் தாமாக விரும்பி மீண்டும் பெற்றுக்கொண்டால் அவரது அகதிநிலை முடிவுறும் என்கின்றது. ஒரு கடதாசிக்காகத் தூதரகப் படியேறுவது அவ்வாறான செயலாகிவிடாது என்பது உண்மையே. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையாளர் அலுவலகம் 1979இல் வெளியிட்ட கைந்நூலும், தன் விருப்பின்றி, வேறு வழியின்றிச் செய்யப்படும் காரியத்தைத் தாமாக விரும்பிப் பாதுகாப்பை நாடியதாகக் கொள்ளலாகாது என்றே விளக்குகின்றது. ஆயினும், விசாரணை முடியாமற் காத்திருக்கும் ஒருவரின் கோப்பில் அந்தச் சந்திப்பு எவ்வாறு பதியப்படும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே, புகலிடக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்கள் தமது சட்டத்தரணியைக் கேட்காமல் தூதரகத்தோடு எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே எமது முதலாவது அறிவுரை.

அப்படியானால் வழிதான் என்ன? அதே உடன்படிக்கை வழியையும் சொல்கின்றது. தனது நாட்டு அதிகாரிகளை நாட முடியாத அகதிக்கு, சாதாரண வெளிநாட்டவருக்கு அவரது நாடு வழங்கக்கூடிய பத்திரங்களையும் அத்தாட்சிகளையும் புகலிடம் கொடுத்த நாடே வழங்க, அல்லது வழங்கச் செய்ய வேண்டும் என்பது அதன் 25ஆம் உறுப்புரை. வெளிநாட்டுப் பாடசாலைச் சான்றிதழ்களையும் பட்டங்களையும் ஏற்றுக்கொள்ளும் விடயத்தில் அகதிகளை ஏனைய வெளிநாட்டவரிலும் குறைவாக நடத்தலாகாது என்பது 22ஆம் உறுப்புரை.

1997 ஏப்ரலில் லிஸ்பனிற் கைச்சாத்தான, ஐரோப்பியப் பிராந்தியத்தின் உயர்கல்வித் தகைமைகளை ஏற்றுக்கொள்வதற்கான உடன்படிக்கை இன்னும் தெளிவாகப் பேசுகின்றது. அகதிகளும் இடம்பெயர்ந்தோரும் தமது தகைமைகளைப் பத்திரங்களால் நிரூபிக்க முடியாதபோதுங்கூட, அவற்றை நியாயமாகவும் விரைவாகவும் மதிப்பிடுவதற்கான நடைமுறைகளை உருவாக்க வேண்டுமென அதன் ஏழாம் பிரிவு உறுப்பு நாடுகளைப் பணிக்கின்றது. 2019இல் யுனெஸ்கோ நிறைவேற்றி, 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த உலகளாவிய உடன்படிக்கையும் இக்கடப்பாட்டை ஏற்றுள்ளது.

இவை ஏட்டிலே மட்டும் இருப்பவையல்ல. நோர்வேயில், பத்திரங்களற்ற அகதிகளைத் துறைசார் அறிஞர்கள் நேரிற் கண்டு உரையாடித் தகைமையை மதிப்பிடும் முறை நடைமுறைக்கு வந்தது. அந்த அனுபவத்தின் துணையோடு ஐரோப்பிய மன்றம் 2017இல் அகதிகளுக்கான ஐரோப்பியத் தகைமைக் கடவுச்சீட்டை அறிமுகப்படுத்தியது. கையில் உள்ள பத்திரங்களையும் நேர்முக உரையாடலையும் வைத்து வழங்கப்படும் இம்மதிப்பீடு ஐந்தாண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அது பட்டத்துக்கு ஈடானதன்று. எந்தப் பல்கலைக்கழகத்தையும் கட்டுப்படுத்துவதுமன்று. ஆயினும் வெறுங்கையோடு நிற்பவருக்கு அது ஓர் ஊன்றுகோல். யேர்மனியில் மாநிலக் கல்வி அமைச்சர்களின் மாநாடு 2015 டிசம்பரில் எடுத்த தீர்மானம், பத்திரங்களை இழந்த அகதிகளுக்கு மூன்று படிகளைக் காட்டுகின்றது. விண்ணப்பதாரியின் வதிவிடநிலையைப் பார்ப்பது முதலாவது. அவர் கூறும் கல்வி வரலாறு நம்பத்தக்கதா என்று ஆராய்வது இரண்டாவது. தேர்வு அல்லது தகுதிகாண் நடைமுறை மூலம் அறிவைச் சோதிப்பது மூன்றாவது. எம்மை நாடி வந்த சகோதரிக்கு இதனை எந்த அலுவலரும் சொல்லவில்லை. விதி இருக்கிறது, கருமபீடத்தில் இருப்பவருக்கு அது தெரியவில்லை. நாம் அறிந்து, எடுத்துக்காட்டிக் கேட்டாலன்றி அது எமக்குக் கிட்டப்போவதில்லை.

எம்மவர் பலர் மூன்று வேறு காரியங்களை ஒன்றெனக் கருதி அலைக்கழிவதையும் காண்கின்றோம். போட்டோப் பிரதி மூலத்தோடு ஒத்திருக்கிறது என்று உறுதிசெய்வது ஒன்று. இதனை நாட்டுக்கு ஏற்ப நகரசபை அலுவலகமோ, நொத்தாரிசோ, சட்டத்தரணியோ செய்வர். ஊரிலே சமாதான நீதவான் வைத்த முத்திரை இங்குள்ள பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலும் எடுபடாது. மூலச் சான்றிதழே உண்மையானது, உரிய அதிகாரி வழங்கியது என்று உறுதிசெய்வது இரண்டாவது. இலங்கைப் பத்திரங்களைப் பொறுத்தவரை பரீட்சைத் திணைக்களமும் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவும் இதனோடு தொடர்புடையவை. அந்தப் படிப்பு இந்நாட்டின் எந்தப் படிப்புக்கு நிகரானது என்று மதிப்பிடுவது மூன்றாவது. இதனை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனங்களோ பல்கலைக்கழகங்களோ செய்யும். எந்தப் பல்கலைக்கழகம் இம்மூன்றில் எதனைக் கேட்கிறது என்பதை முதலிலே எழுத்திற் பெற்றுக்கொள்ளுங்கள். முதலாவதைக் கேட்டவர்களிடம் இரண்டாவதைக் கொண்டுபோவதற்காக மாதக்கணக்கிற் பணத்தையும் காலத்தையும் இழந்தவர்கள் உண்டு. மொழிபெயர்ப்பையும் அவ்வந்நாட்டு நீதிமன்றத்தில் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடமே செய்விப்பது நன்று. தமிழ் தெரிந்த நண்பர் எழுதிக் கொடுத்தது, எவ்வளவு திருத்தமாயிருந்தாலும், ஏற்கப்படாமற் போகலாம்.

பெயர் விடயம் எமக்கே உரிய தனித் தொல்லை. பிறப்புச் சான்றிதழிலே தந்தை பெயர் முழுமையாக இருக்கும். பரீட்சைச் சான்றிதழிலே அது ஒற்றை முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். இங்கு வந்தபின் அதிகாரிகள் அதனைக் குடும்பப் பெயராக்கிவிட்டிருப்பர். ஆங்கில எழுத்துக்கூட்டலோ மூன்றிலும் மூன்று விதம். ஐரோப்பிய அலுவலரின் கண்ணுக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு மனிதர்கள். மூன்றும் ஒருவரே என்பதைக் கூறும் சத்தியக் கடதாசியையும், தமிழர் பெயரிடும் முறையை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பையும் விண்ணப்பத்தோடு முதலிலேயே இணைத்துவிடுவது பின்னர் எழும் பல கேள்விகளைத் தவிர்க்கும்.

அகதிநிலைச் சிக்கல் இல்லாதவர்கள் - குடும்ப இணைவில் வந்தோர், இந்நாட்டுக் குடியுரிமை பெற்றோர் - ஊரிலுள்ள உறவினருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்துக் காரியம் பார்க்கலாம். பரீட்சைக்குத் தோற்றிய ஆண்டும் சுட்டெண்ணும் தெரிந்தால், பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திடம் மீண்டும் பெறுவது இயலக்கூடியதே. பல்கலைக்கழகப் பட்டமாயின், பாடவாரியான பெறுபேற்று விபரத்தைப் பதிவாளர் முத்திரையிட்ட கடிதவுறையில் நேரடியாக அனுப்ப வேண்டுமென்று பல இடங்களிற் கேட்கின்றனர். இதற்கு மாதங்கள் செல்லும். யூலையிலே விண்ணப்பிக்கவிருப்பவர் முந்திய ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

இனி, சொல்லக் கசக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எம்மிடையே சான்றிதழ் விற்போர் இருக்கின்றனர். வழியிலே பத்திரங்களைக் கிழித்தெறியச் சொன்ன அதே முகவர், இங்கு வந்தபின் புதிய பத்திரங்களை விலைக்குத் தருகின்றார். உண்மையாகவே படித்துச் சித்தியடைந்த பிள்ளைகள்கூட, "உனது சொந்தப் பெறுபேற்றைத்தானே அச்சடிக்கிறோம், இதில் என்ன பொய்?" என்ற பேச்சில் மயங்கிவிடுகின்றனர். உண்மையான பெறுபேறு போலித் தாளில் ஏறினால் அதுவும் போலியே. சுட்டெண்ணை வைத்துச் சரிபார்ப்பது பல்கலைக்கழகங்களுக்குக் கடினமான காரியமன்று. அகப்பட்டால் கல்வி மட்டுமன்றிப் புகலிடக் கோரிக்கையின் நம்பகத்தன்மையும் சேர்ந்தே போகும். அத்தோடு, அடுத்து வரும் நேர்மையான தமிழ் மாணவரின் விண்ணப்பமும் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்படும். பத்திரம் இல்லை என்று ஒப்புக்கொள்பவருக்குச் சட்டத்தில் இடமுண்டு. போலிப் பத்திரம் கொடுத்தவருக்கு அந்த இடமும் இல்லாமற் போகின்றது.

இதனை எழுதுபவருக்கும் இவ்விடயத்திற் சொந்த அனுபவம் ஒன்றுண்டு. ஊரிலே விரிவுரையாளராக இருந்த காலத்தில், மாணவர் கொண்டுவரும் பிரதிகளை மூலத்தோடு ஒப்பிட்டு, "உண்மைப் பிரதி" என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தவர் அவர். அந்தக் கையொப்பத்துக்கு அன்று ஒரு மதிப்பு இருந்தது. புலம்பெயர்ந்த பின்னர் ஆய்வுப் பணியொன்றுக்கு விண்ணப்பித்தபோது, அவரது பட்டத்தை உறுதிசெய்யும் முத்திரையிட்ட கடிதவுறை கேட்கப்பட்டது. முன்னாள் சகாவொருவர் ஊரில் அலைந்து திரிந்து அதனை அனுப்பிவைக்கப் பதினொரு மாதங்கள் சென்றன. அதற்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. கேட்டவர் மரியாதையாகவே கேட்டார், விதிப்படியே கேட்டார். ஆனாலும், நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சாட்சியாக நின்ற ஒருவருக்குத் தமக்கென ஒரு சாட்சி கிடைக்காத அந்நாள் மறக்கத்தக்கதன்று. உறுதியான வேலையும் பெயரும் பெற்றிருந்தவருக்கே இந்நிலையென்றால், பதுங்குகுழியிற் பையைத் தொலைத்த இருபது வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

ஆகவே நாம் மூன்று தரப்பினரிடம் மூன்று விடயங்களைக் கேட்கின்றோம்.

முதலாவதாக, பல்கலைக்கழகங்களிடம்: அகதியொருவரைத் தூதரகத்துக்கு அனுப்பும் பழக்கத்தைக் கைவிடுங்கள். உங்கள் அரசுகள் கைச்சாத்திட்ட நடைமுறையை உங்கள் கருமபீடங்களில் இருப்போருக்கு அறியத்தாருங்கள்.

இரண்டாவதாக, எமது அமைப்புக்களிடம்: பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் இராப்போசன விருந்து நடத்திப் பாடசாலைகளுக்கு நிதி அனுப்புகின்றன, நற்பணியே. அந்நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு எஞ்சியுள்ள சேர்வு இடாப்புக்களையும் பெறுபேற்றுப் பதிவேடுகளையும் படமெடுத்துப் பாதுகாக்கச் செய்யுங்கள். எரிந்தவை எரிந்துவிட்டன; செல்லரிப்பவற்றையாவது காப்போம். புலத்திலே வாழும் ஆசிரியர்களும் அதிபர்களும் தமது மாணவர் பற்றிக் கையொப்பமிட்ட சாட்சிக் கடிதம் கொடுக்க முன்வர வேண்டும். கல்வி வரலாற்றின் நம்பகத்தன்மையை ஆராயும்போது அத்தகைய கடிதம் பயன்படும்.

மூன்றாவதாக, வாசகர்களாகிய உங்களிடம்: இன்றிரவே ஒரு கொப்பியை எடுத்து உங்கள் கல்வி வரலாற்றை எழுதி வையுங்கள். எந்தப் பாடசாலை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, இடம்பெயர்ந்தபோது எங்கே படித்தீர்கள், எந்த மண்டபத்திற் பரீட்சை எழுதினீர்கள், என்ன பாடங்கள், என்ன பெறுபேறு, யார் படிப்பித்தார்கள், சுட்டெண் என்ன என்று அனைத்தையும் எழுதுங்கள். நினைவு மங்கு முன் எழுதுங்கள். நேர்முக மதிப்பீட்டில் இவற்றையே கேட்பர். உண்மையாகப் படித்தவர் சொல்லும் சிறு விபரங்களே அவருக்குப் பலமான சான்றாகும்.

முன்னர் கூறிய சகோதரி அவ்வாறு பதினான்கு பக்கங்கள் எழுதினார். 2015ஆம் ஆண்டுத் தீர்மானத்தைச் சுட்டிக்காட்டி, அவரது பழைய இரசாயனவியல் ஆசிரியர் வேறொரு நாட்டிலிருந்து அனுப்பிய கடிதத்தையும் இணைத்து, இறுதி நாளுக்கு நான்கு நாட்கள் முன்னதாக விண்ணப்பத்தை மீண்டும் கையளித்துள்ளார். இம்முறை அலுவலகம் அதனைத் திருப்பி அனுப்பவில்லை. நேர்முகத்துக்கு நாள் குறிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. முடிவு எதுவாயினும், அவர் இனித் தூதரக வாசலில் நிற்க வேண்டியதில்லை.

எம்மிடமிருந்து வீட்டையும் காணியையும் பறிக்க முடிந்தது. நூலகத்தை எரிக்க முடிந்தது. கற்ற கல்வியை எவராலும் பறிக்க முடியவில்லை. அதற்கான சாட்சியை மீண்டும் திரட்டும் பொறுப்பு எம் எல்லோருடையதுமாகும்.