கோபுரம் இல்லாத இடத்திலிருந்து குறுஞ்செய்தி: தோட்டத்துக்கு எட்டுமா?

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆபீஸ் பக்கம் நின்றால் கைப்பேசியில் இரண்டு கோடு அலை இருக்கும். லயத்துக்கு வந்தால் ஒன்று. நிரைக்குள் இறங்கிவிட்டால் ஒன்றும் இல்லை. பாம்பு கடித்தாலும் டிராக்டர் கவிழ்ந்தாலும் யாராவது ஒருவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அலை கிடைக்கும் மேடுவரை ஓடித்தான் ஆகவேண்டும்.

இந்த நிலையில், கோபுரமே இல்லாத காட்டிலிருந்தும் துணைக்கோளம் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்ற செய்தி நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. புலனக் குழுக்களில் விளம்பரக் காணொளிகளும் வலம் வருகின்றன. இதில் எது உண்மை, எது நமக்குப் பயன்படும் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பாதிப் பிரச்சினை.

ஒன்று, ஆப்பிள் நிறுவனம் 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கியது. ஐபோன் 14 முதல் வந்த கைப்பேசிகள், குளோபல்ஸ்டார் என்ற நிறுவனத்தின் துணைக்கோளங்களோடு பேசும். அவை மணிக்குச் சுமார் 24,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவை. அதனால் கைப்பேசியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று திரையே காட்டும். பிறகு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் ஆகியவற்றுக்கும் இச்சேவை போனது. அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை, சிங்கப்பூரும் இல்லை. நம் ஊர்க் கடையில் வாங்கிய ஐபோனில் அதற்கான கருவி இருக்கிறது என்பது உண்மைதான். ஜப்பானுக்குச் சுற்றுலா போனால் அது கைகொடுக்கும். சிகாமட்டில் கொடுக்காது.

இரண்டாவது வகை வேறு. துணைக்கோளமே ஒரு கைப்பேசிக் கோபுரமாக நடந்துகொள்ளும். ஸ்டார்லிங்க் இதற்கான முதல் துணைக்கோளங்களை 2024 ஜனவரியில் ஏவியது. ஏறக்குறைய 360 கிலோமீட்டர் உயரத்தில் அவை சுற்றுகின்றன. தனிக் கைப்பேசி தேவையில்லை. கடந்த சில ஆண்டுகளில் வாங்கிய பெரும்பாலான கைப்பேசிகளே போதும். நியூசிலாந்தில் 2024 டிசம்பரிலும், அமெரிக்காவில் 2025 ஜூலையிலும் பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. அமெரிக்காவில் மாதம் 10 டாலர் என்று விலை வைத்தார்கள். நியூசிலாந்தில் தொடக்கத்தில் ஒரு செய்தி போய்ச்சேர 10 நிமிடம்வரை ஆகலாம் என்று நிறுவனமே சொல்லிவிட்டது.

மலேசியாவில் ஸ்டார்லிங்க் 2023 ஜூலையில் உரிமம் பெற்றது, அது இங்கே இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அது கூரையில் தட்டு வைத்து வீட்டுக்கு இணையம் எடுக்கும் சேவை. சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிக்கு அது நேராக வராது. வரவேண்டுமானால் உள்நாட்டுக் கைப்பேசி நிறுவனம் ஒன்று தன் அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அதை அனுமதிக்க வேண்டும். தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூர் என்று எல்லா எல்லையும் அருகிலேயே இருப்பதால், வானிலிருந்து வரும் அலை பக்கத்து நாட்டுச் சேவையைக் குழப்பாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, நாளைக்கே அனுமதி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் வேலை செய்யுமா?

இங்கேதான் விளம்பரம் சொல்லாத விஷயம் இருக்கிறது. துணைக்கோளத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவே திறந்த வானம் வேண்டும். திறந்த வெளியில் ஒரு செய்தி போக அரை நிமிடம், லேசான மர நிழலில் ஒரு நிமிடத்துக்கு மேல், அடர்ந்த மரங்களுக்குக் கீழே போகாமலே இருக்கலாம் என்கிறது ஆப்பிளின் சொந்த விளக்கமே. பத்துப் பன்னிரண்டு வயதான செம்பனைக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், எவ்வளவு வானம் தெரிகிறது? ஆகவே நிரைக்குள் விழுந்து கிடப்பவர் அந்த இடத்திலிருந்தே உதவி கேட்க முடியும் என்று நம்பக்கூடாது. ஆனால் உடனிருப்பவர் ஐந்து கிலோமீட்டர் ஓடுவதற்குப் பதிலாக லாரிப் பாதைவரை, அல்லது மறுநடவு செய்த வெட்டவெளிவரை வந்தால் போதும். பாம்புக்கடியில் அந்த வித்தியாசம் சின்னதல்ல.

நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று மொழி. சாதாரணக் குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தாக இருந்தால் ஒரு செய்திக்கு 160 எழுத்து கொள்ளும். தமிழில் எழுதினால் 70தான். அதிலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'காப்பாற்றுங்கள்' என்ற சொல் நமக்கு எட்டு எழுத்து. கைப்பேசியின் கணக்கில் அது 15. நீளமாக எழுதினால் செய்தி துண்டு துண்டாகப் பிரிந்து போகும். ஒரு துண்டு போய் மறு துண்டு நிற்கவும் வாய்ப்புண்டு. தமிழ்ப்பற்று இருக்கட்டும், ஆபத்து நேரத்தில் சுருக்கமாக ரோமன் எழுத்தில் எழுதிவிடுவதே புத்திசாலித்தனம். எதிர்முனையில் படிப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

தோட்டத்தைவிட இது அதிகம் கைகொடுக்கக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, நெடுஞ்சாலை. கிரிக் - ஜெலி சாலையில் கைப்பேசி அலையே இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு என்பது அந்த வழியாகப் போன எல்லாருக்கும் தெரியும். 2025 ஜூனில் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்த பேருந்து விபத்து நடந்ததும் அந்தச் சாலையில்தான். இரண்டாவது, வெள்ளம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஶ்ரீ மூடாவில் மாடியிலும் கூரையிலும் காத்திருந்தவர்களை நாம் மறக்கவில்லை. மின்சாரம் போனால் கோபுரமும் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். பட்டணத்தின் நடுவிலேயே காட்டில் இருப்பது போன்ற நிலை அப்போது வந்துவிடுகிறது. கூரைமேல் நிற்பவருக்கு வானம் திறந்தே இருக்கும்.

அதே சமயம் ஒரு கவலையும் உண்டு. 2020இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டம், மக்கள் வசிக்கும் பகுதிகளில் 4ஜி சேவையை முழுமையாகக் கொண்டுசேர்ப்பதை இலக்காக வைத்தது. 'மக்கள் வசிக்கும் பகுதி' என்ற சொல்லில்தான் நம் தோட்டங்கள் மாட்டிக்கொள்கின்றன. முன்பு இருநூறு குடும்பம் இருந்த லயத்தில் இன்று இருபதுதான். நிலமும் தனியாருடையது, கோபுரம் எழுப்ப நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். லாபம் பார்க்கும் நிறுவனம் அவசரப்படாது. 'அதான் துணைக்கோளம் வந்துவிட்டதே' என்ற பதில் நாளை வந்தால், அதை ஏற்கக்கூடாது. ஒரு துணைக்கோளத்தின் திறனைப் பெரிய பரப்பு முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. குறுஞ்செய்திக்கு அது போதும், பிள்ளைகளின் இயங்கலை வகுப்புக்குப் போதாது. சபா பித்தாசில் 2020இல் ஒரு மாணவி தேர்வு எழுத மரத்தில் ஏறினார். அவருக்குத் தேவைப்பட்டது கோபுரம்.

கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவைப்பது நல்லது. சேவை வரும்போது 999க்கான அவசரச் செய்தி, சந்தா இல்லாதவருக்கும் முன்கட்டண சிம் வைத்திருப்பவருக்கும் இலவசமாக இருக்க வேண்டும். இருப்பிடம் தானாகச் சேர்ந்து போக வேண்டும். 'மூன்றாம் டிவிஷன், பழைய பெரட்டுக் களம் பக்கம்' என்று எழுதினால் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு வழி தெரியாது.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம். உங்கள் நிறுவனத்தின் அலை இல்லாவிட்டாலும், திரையில் அவசர அழைப்புக்கு மட்டும் என்று தெரிந்தால், அங்கே வேறு நிறுவனத்தின் அலை இருக்கிறது என்று பொருள். 999 அல்லது 112 அடித்துப் பாருங்கள். உங்கள் பகுதியின் வரைபடத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள். அலை இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போகிறவர்களுக்கு இன்னொரு சேதி. மலையேறிகள் வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் போன்ற தனித் துணைக்கோளக் கருவிகளையும் துணைக்கோளத் தொலைபேசிகளையும் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோவது அங்கே குற்றம். விமான நிலையத்தில் வெளிநாட்டவர்கள் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். பையில் இருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.